என் பையில் மூன்றாவது அட்டை

வாஷிங்டன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் கால்பந்துக்கு நடுவராகப் போகிறேன். இது ஆறாவது சீசன். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் கடைசியில் மூளை அதிர்ச்சி பற்றிய ஒரு பயிற்சியை முடித்துச் சான்றிதழை அனுப்பினால்தான் எனக்கு ஆட்டம் ஒதுக்குவார்கள். கன்கஷன் என்று இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். முதல் சில ஆண்டுகள் இந்தப் பயிற்சியை நான் கேஸ் இணைப்புக்குப் படிவம் நிரப்புகிற சிரத்தையோடுதான் முடித்தேன். ஒரு கையில் காபி, மறு கையில் மவுஸ். சென்ற அக்டோபரில் ஒரு புதன்கிழமை இரவுக்குப் பிறகு, யாரும் கேட்காமலேயே, அதை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். அப்படிப் படித்ததன் மதிப்புரை இது.

நான் எடுத்தது 'ஹெட்ஸ் அப்'. அட்லாண்டாவில் இருக்கும் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், சிடிசி, நடத்துவது. கட்டணம் கிடையாது. கணினி முன்னால் உட்கார்ந்து படித்து, சிறு சிறு காணொளிகளைப் பார்த்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சான்றிதழை அச்சிட்டுக்கொள்ளலாம். மெதுவாகப் படித்தும் எனக்கு ஒரு மணி நேரம் ஆகவில்லை. பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பான என்எஃப்எச்எஸ்ஸும் இதே பொருளில் ஓர் இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது. இரண்டில் எது என்று கேட்கும் புதிய நடுவர்களுக்கு, மொழி எளிமைக்காக நான் ஹெட்ஸ் அப்பைத்தான் சொல்வேன். மருத்துவச் சொல் வரும் இடத்தில் உடனே அதை அவிழ்த்துக் காட்டிவிடுகிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அறிகுறிகளை இரண்டாகப் பிரித்திருக்கும் விதம். பக்கத்தில் நிற்பவர் கண்ணால் பார்க்கக்கூடியவை ஒரு பக்கம். அடிபட்டவர் வாயால் சொன்னால்தான் தெரிபவை இன்னொரு பக்கம். தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, மனம் மந்தமாக இருப்பது எல்லாம் இரண்டாவது வகை. பதினாறு வயதுப் பெண் பிளேஆஃப் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் இதில் ஒன்றையாவது வாய்திறந்து சொல்வாளா? மாட்டாள். அதனால் நடுவருக்குக் கைகொடுப்பது முதல் வகைதான்: திகைத்த முகம், சொன்ன இடத்தை மறந்து வேறிடத்தில் நிற்பது, எந்த அணியோடு ஆடுகிறோம் என்பதில் குழப்பம், தடுமாறும் நடை, கேள்விக்குத் தாமதமாக வரும் பதில். நினைவு தப்பி விழுவதும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மூளை அதிர்ச்சிகளில் நினைவு தப்புவதே இல்லை என்பதைப் பயிற்சி அழுத்தமாகச் சொல்கிறது.

இந்த ஒரு செய்தி எனக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் தாமதமாக வந்து சேர்ந்தது. நான் கோவில்பட்டிக்காரி. அது ஹாக்கி ஊர். எட்டாம் வகுப்பில் பந்து காதுக்கு மேலே பட்டு உட்கார்ந்துவிட்டேன். விளையாட்டு ஆசிரியர் ஒரு கோலி சோடாவை உடைத்து முகத்தில் தெளித்தார். இரண்டு விரலைக் காட்டி "எத்தனை?" என்றார். "இரண்டு" என்றேன். "போ, ஆடு" என்றார். ஆடினேன். வீட்டுக்குப் போனதும் இரண்டு முறை வாந்தி. ஆச்சி, பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்று திருநீறு பூசிப் படுக்க வைத்தாள். மறுநாள் கணக்குப் பரீட்சையில் என்ன எழுதினேன் என்பது அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஆசிரியர் கெட்டவர் அல்ல. அவருக்குத் தெரிந்த மருத்துவம் சோடாவும் இரண்டு விரலும். ஹெட்ஸ் அப் பட்டியலில் விரல் எண்ணும் சோதனை எங்கும் இல்லை என்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். சியாட்டில் பக்கத்து அக்டோபர் மழை. சாரலும் இல்லை, கொட்டலும் இல்லை, நச்சென்று நின்று பெய்வது. இரண்டாம் பாதியில் பதினோரு நிமிடம் பாக்கி, ஆட்டம் சமநிலை. கார்னரில் இருந்து வந்த பந்துக்கு இரண்டு பெண்கள் ஒன்றாக எழும்பினார்கள். பந்து இருவருக்கும் மேலே போனது. தலையும் தலையும் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. தேங்காய் மூடியைத் தட்டினாற்போல. ஒருத்தி அழுதுகொண்டு தலையைப் பிடித்தாள். அவளுக்கு நெற்றி வீங்கியது, அவளை உடனே அழைத்துப்போனார்கள். இன்னொருத்தி அடுத்த நொடியே எழுந்து நின்று, எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாள். நான் ஆட்டத்தைத் தொடர விட்டேன். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அழுதவளை மட்டும் பார்த்தேன், நின்றவளைப் பார்க்கவில்லை.

முக்கால் நிமிடம் கழித்துத்தான் பார்த்தேன். பந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் நடு வட்டத்துக்குப் பக்கத்தில் குனிந்து புல்லில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கூந்தல் அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. "என்ன தேடுகிறாய்?" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பதில் வரவில்லை. நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் அளவுக்கு வரவில்லை. பிறகு, "தலை பேண்ட்" என்றாள். பேண்ட் அவளுடைய இடது மணிக்கட்டில் இருந்தது. நீல நிறம். அந்தக் கையாலேயே அவள் புல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

விசிலை ஊதினேன்.

அவளுடைய பயிற்சியாளர் கோட்டருகே வந்து, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், நானும் அந்தப் பயிற்சியை முடித்தவன்தான், நீங்கள் டாக்டரா என்று கேட்டார். பள்ளியையும் ஆளையும் சொல்ல மாட்டேன். மற்றபடி நல்ல மனிதர், ஆட்டம் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. நான் டாக்டர் இல்லை. நடுவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் விதியின் அழகே. 2010ஆம் ஆண்டுக்கு முன்பு என்எஃப்எச்எஸ் விதியில், ஆட்டக்காரர் நினைவிழந்தாலோ நினைவிழந்தது போலத் தோன்றினாலோ நடுவர் வெளியேற்ற வேண்டும் என்று இருந்தது. அந்த ஆண்டு அதை மாற்றினார்கள். மூளை அதிர்ச்சிக்கு ஒத்த அறிகுறியோ நடத்தையோ தெரிந்தாலே உடனே வெளியே அனுப்ப வேண்டும். தகுந்த மருத்துவ வல்லுநர் அனுமதிக்கும் வரை திரும்ப விடக்கூடாது. என்ன நோய் என்று முடிவு கட்டுவது என் வேலையில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லி அனுப்புவது மட்டுமே என் வேலை. "மணிக்கட்டில் இருந்த பேண்டைப் புல்லில் தேடினாள்" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. பள்ளி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரருக்குப் பஞ்சமில்லை. வேறு பெண் உள்ளே வந்தாள். நான் வெளியே அனுப்பியவள் திரும்பிப் போகும் வழியில் பஸ்ஸில் வாந்தி எடுத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இங்கே ஹெட்ஸ் அப்பின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பயிற்சியாளருக்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுக்கிறது: வெளியே எடு, வெளியிலேயே வை, பெற்றோருக்குச் சொல், மருத்துவ அனுமதி கேள். நடுவர்களுக்கென்று தனியே தகவல் தாளும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பயிற்சியாளரே எதிரில் நின்று மறுக்கும்போது வாயில் என்ன சொல் வர வேண்டும் என்பதற்கு நான் படித்த பகுதியில் போதிய இடம் இல்லை. பத்து நிமிடம் ஓர் ஒத்திகைக் காட்சி வைத்திருந்தால், மழையில் நின்று நான் திக்கியிருக்க மாட்டேன். பயிற்சியை முடித்துவிட்டேன் என்பதையே வாதமாக வைக்கிறவரைச் சான்றிதழால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த மாநிலத்தில் இது வெறும் விளையாட்டு விதியும் அல்ல, சட்டம். அதற்குப் பின்னால் இருக்கும் கதை நடந்த மேப்பிள் வேலி என்ற ஊர், என் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் பயணம். 2006 அக்டோபர். சாக்கரி லிஸ்டெட் என்ற பதின்மூன்று வயதுப் பையன், பள்ளி அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியபோது தலை தரையில் மோதியது. இடைவேளைக்குச் சற்று முன்பு அது. சிறிது நேரம் வெளியே இருந்துவிட்டு, மூன்றாம் கால் பகுதியில் திரும்ப இறங்கி ஆடினான். ஆட்டம் முடிந்து மைதானத்திலேயே சரிந்தான். ஹெலிகாப்டரில் சியாட்டில் ஹார்பர்வியூ மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மூளையின் வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டையோட்டின் இரு பக்கமும் திறந்தார்கள். முதல் சொல்லைப் பேச அவனுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று.

அவன் பெயரிலேயே அமைந்த சட்டத்தில் 2009 மே 14 அன்று ஆளுநர் கிறிஸ்டின் கிரெகுவார் கையெழுத்திட்டார். சட்டத்தில் மூன்றே விஷயங்கள். ஆண்டுதோறும் தகவல் தாளைப் படித்துப் பெற்றோரும் மாணவரும் கையெழுத்திட வேண்டும். சந்தேகம் வந்தால் 'அந்த நேரத்திலேயே' வெளியே எடுக்க வேண்டும். மூளை அதிர்ச்சியைக் கையாளப் பயிற்சி பெற்ற, உரிமம் உள்ள மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி தந்த பிறகே திரும்ப ஆடலாம். 2014க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. வீட்டில் மகளின் பள்ளிப் படிவங்களோடு இந்தத் தாளும் வரும்போது, முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் சாம்பார்க் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது அவளையே உரக்கப் படிக்க வைக்கிறேன். அவளுக்கு அது எரிச்சல்.

பயிற்சியின் இன்னொரு பகுதி, திரும்ப ஆட வருவதற்கான படிகள். முதலில் பள்ளிக்கூடம் போவது போன்ற அன்றாட வேலைகள், பிறகு மெல்லிய ஓட்டம், பிறகு விளையாட்டுக்கே உரிய அசைவுகள், பிறகு மோதல் இல்லாத பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தொந்தரவு திரும்பினால் ஒரு படி கீழே. கூட்டிப் பார்த்தால் எல்லாம் நன்றாக நடந்தாலே ஒரு வாரம் போய்விடும். "வியாழக்கிழமை ஆட்டத்துக்கு வந்துவிடுவாள்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அவசரம் ஏன் கூடாது என்பதற்கும் பயிற்சி காரணம் சொல்கிறது: ஆறாத மூளைமேல் விழும் இரண்டாவது அடி, அரிதாகத்தான் என்றாலும், உயிரையே வாங்கும் வீக்கத்தைக் கொண்டுவரலாம்.

ஒரு பள்ளியின் தகவல் பலகையில், தலையில் அடிபட்டவரை இருட்டறையில் படுக்க வைக்கச் சொல்லும் பழைய தாள் இன்னும் தொங்குவதைப் பார்த்தேன். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் அதைக் கைவிட்டாயிற்று. முதல் ஒன்றிரண்டு நாட்கள் ஓரளவு ஓய்வு, திரை பார்ப்பதைக் குறைப்பது, பிறகு மெல்ல நடமாட்டம் என்பதுதான் இப்போதைய வழி. மறுபக்கம், தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, வலிப்பு, எழுப்பினால் எழாமை ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் படிகளைப் பற்றிய பேச்சே இல்லை, நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.

எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதினேன். ஒருவர், இதற்குத்தான் பிள்ளையைச் சதுரங்கத்தில் சேர்த்தேன் என்றார். இன்னொருவர் 2020 டிசம்பரில் கான்பெராவில் நடந்த இந்தியா - ஆஸ்திரேலியா இருபது ஓவர் ஆட்டத்தை நினைவூட்டினார். நம் நடராஜனுக்கு அதுதான் முதல் டி20 சர்வதேச ஆட்டம். ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டு, கன்கஷன் மாற்று ஆட்டக்காரராக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகனானார். அன்று நம் வீடுகளில் எல்லாம் நடந்த விவாதம், மாற்றாள் இறக்கியது நியாயமா என்பதுதான். ஜடேஜாவின் தலை எப்படி இருக்கிறது என்று என் வீட்டில் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

பயிற்சியோடு நான் சேர்த்து வைத்துக்கொள்வது சிஆர்டி6 என்ற, மூளை அதிர்ச்சியை அடையாளம் காண உதவும் தாள். இதுவும் இலவசம், மருத்துவர் அல்லாதவர்களுக்காகவே செய்தது. இதில் ஐந்து நினைவுக் கேள்விகள் உண்டு: இன்று எந்த மைதானத்தில் இருக்கிறோம், இது எந்தப் பாதி, கடைசியாகக் கோல் அடித்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் உங்கள் அணி வென்றதா. இரண்டு விரலோடு ஒப்பிட்டால் எவ்வளவு நல்ல கேள்விகள்! எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் மூளை அதிர்ச்சி இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியே அனுப்பலாமா என்று நான் தயங்கும் கணத்தில் என் தயக்கத்தை முடித்துவைக்கத்தான் அது.

அந்தப் புதன்கிழமை என் பையில் இருந்த தாள் மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. மறுநாளே முக்கியமான வரிகளை அட்டை அளவுக்குச் சுருக்கி அச்சிட்டு, லேமினேட் செய்து, மஞ்சள் அட்டைக்கும் சிவப்பு அட்டைக்கும் நடுவில் வைத்தேன். நடுவில் வைத்தது தப்பு. அடுத்த வாரம் ஒருத்தி எதிரணிப் பெண்ணின் சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு மஞ்சளை எடுக்கப்போய், வெள்ளை அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து அதைப் படித்தாள். "எனக்கு ஒன்றும் இல்லை ரெஃப், நான் சும்மா இழுத்தேன்" என்றாள். அட்டையை இப்போது சட்டைப் பைக்கு மாற்றிவிட்டேன்.