பூவா, மேடையா, பட்டியலா: திருமண வடிவமைப்பில் எந்தப் பக்கம் போவது?

திருமண வடிவமைப்புத் துறைக்கு வர வேண்டும் என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு எந்த வேலைக்கு வருகிறோம் என்பதே தெரிவதில்லை. நிறங்கள் பிடிக்கும், எதையும் அழகாக அடுக்கத் தெரியும், அவ்வளவுதான். மலர் வடிவமைப்பு, மேடையும் அரங்கமுமான அலங்கார வடிவமைப்பு, திருமண ஒருங்கிணைப்பு என்று இதற்கு மூன்று வாசல்கள். மூன்றும் ஒரே மண்டபத்துக்குள்தான் திறக்கின்றன, ஆனால் உள்ளே போனவரின் முதுகுவலியும் வங்கிக் கணக்கும் வேறு வேறு. முதல் வேலையில் ஆறு ஆண்டுகள், இரண்டாவதில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். மூன்றாவதை ஒரு திருமணப் பருவம் பார்த்துவிட்டு ஓடிவந்தேன். ஆகவே என்னிடம் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மலர் வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை மென்மையான வேலை என்று நினைக்கிறார்கள். அதில் பாதி, வாளி கழுவுவது. திருமணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பூ வந்து இறங்கிவிடும். ஒவ்வொரு ரோஜாவிலும் கீழ் இலைகளை உருவி, தண்டைச் சாய்வாக வெட்டி, சில மணி நேரம் தண்ணீர் குடிக்க விட்டு, பிறகு குளிர் அறைக்கு அனுப்ப வேண்டும். பியோனி என்ற அடுக்கிதழ்ப் பூவை மொட்டிலேயே விரலால் அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும்: பஞ்சுபோல் அமுங்கினால் விரியும், கோலிக்குண்டுபோல் இருந்தால் திருமணம் முடிந்தாலும் விரியாது. வாடிய ஹைட்ரேஞ்சியா பூக்கொத்தைத் தலைகீழாகத் தண்ணீரில் அமிழ்த்தி அரை மணி நேரம் விட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும், ஏனென்றால் அது இதழ் வழியாகவும் தண்ணீர் குடிக்கும். இவற்றையெல்லாம் கைதான் கற்றுக்கொள்கிறது.

தவறுக்கு இங்கே மன்னிப்புக் கிடையாது. ஒருமுறை ஒரு சமையல் ஒப்பந்தக்காரருடன் குளிர் அறையைப் பகிர்ந்துகொண்டோம். அவர் ஆப்பிள் பெட்டிகளை எங்கள் வாளிகளுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார். காலையில் திறந்தால், அத்தனை கார்னேஷன்களும் இதழ்களை உள்ளே சுருட்டிக்கொண்டு தூங்கி வழிந்தன. பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு செய்த வேலை அது. மாற்றுப் பூ தேடி விடியற்காலையில் அலைந்த அலைச்சலை இன்னும் மறக்கவில்லை. பூ ஒரு முறைதான் விற்கும், மிஞ்சினால் குப்பை. அதனால் எண்ணிக்கை போடத் தெரியாத கலைஞருக்கு இதில் லாபம் நிற்காது.

புதிதாக வருபவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். தண்ணீரில் ஊறவைத்துப் பூத்தண்டைக் குத்தி நிறுத்தும் பச்சை ஃபோமை நம்பிப் பழகாதீர்கள். 1954இல் வெர்னான் ஸ்மிதர்ஸ் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த அந்தப் பொருள் இரண்டு தலைமுறை வடிவமைப்பாளர்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது. அது பிளாஸ்டிக், பொடியாக உதிரும், மக்காது. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021இலிருந்து தன் கண்காட்சிகளில் அதைத் தடைசெய்துவிட்டது. கம்பி வலையிலும், தண்டைக் குத்தி நிறுத்தும் முள் தட்டிலும் பூ நிறுத்தத் தெரிந்தவருக்கு இனி மதிப்பு கூடும்.

மேடை அலங்காரத்தில் கணக்கு நேர் எதிர். ஒரு இரும்புச் சட்டகத்தை முப்பது திருமணங்களுக்கு வாடகைக்கு விடலாம், பொருள் உங்களிடமே இருக்கும். ஆனால் அதை வைக்கக் கிடங்கு, ஏற்ற வண்டி, தூக்க ஆள் என்று முதலிலேயே பணம் முடங்கும். கணக்கைவிட எனக்குக் கசந்தது வேறு: கொஞ்ச நாளில் கிடங்கே வடிவமைக்க ஆரம்பித்துவிடுகிறது. மணமக்கள் எதைக் கேட்டாலும், கிடங்கில் தூசி படிந்து கிடக்கும் வளைவையே அவர்களுக்குப் பிடிக்கவைக்கப் பேசுவீர்கள். நானும் பேசியிருக்கிறேன்.

கற்க வேண்டியது இதில் நிறைய. 150 சென்டிமீட்டர் வட்ட மேசையில் எட்டுப் பேர், 180இல் பத்துப் பேர். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழ இடம் விட்டீர்களா என்பது அதற்கடுத்த கேள்வி. வெளிச்சம் இன்னும் பெரிய பாடம். பகலில் பார்த்துத் தேர்ந்தெடுத்த மங்கிய ரோஜா நிறத் துணி, குளிர்ந்த வெள்ளை விளக்கின் கீழே சாம்பல் பூத்துப்போகும். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான, மஞ்சள் சாயல் வெளிச்சம் தரும் விளக்கு போட்டால் அதே துணிக்கு உயிர் வரும். விருந்தினர்கள் போன பிறகு, நள்ளிரவில், எல்லாவற்றையும் பிரித்து ஏற்றும் வேலை வேறு. படங்களில் இது வராது.

ஒருங்கிணைப்பாளராக முதலீடு ஏறக்குறைய தேவையில்லை. ஒரு தொலைபேசி, நிமிடக் கணக்கில் எழுதிய நிகழ்ச்சிப் பட்டியல், கலங்காத முகம் போதும். புகழும் பெரும்பாலும் இவருக்கே போகும், ஏனென்றால் மணமக்களுக்குத் தெரிந்த முகம் இவருடையது. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். மணமக்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டே அலங்காரக்காரரிடமும் தரகு வாங்கினால், யாருக்காக வேலை செய்கிறோம் என்பது சீக்கிரமே குழம்பிவிடும். நான் ஓடிவந்தது அதனால் இல்லை. பிரிந்து வாழும் பெற்றோரில் யாரை முன்வரிசையில் உட்காரவைப்பது என்று இரவு பதினொரு மணிக்கு மூன்றாம் முறையாக அழைப்பு வந்தபோது, எனக்கு வாளி கழுவும் ஏக்கம் வந்துவிட்டது. மனிதர்களைச் சமாளிப்பதில் சுகம் காண்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. ஆனால் இதை வடிவமைப்பு என்று நம்பி வராதீர்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால் பூவைத்தான் சொல்வேன். பூவிலிருந்து மேடைக்குப் போனவர்கள் ஏராளம்; பனாமாவில் பிறந்து நியூயார்க்கில் பெயரெடுத்த பிரஸ்டன் பெய்லி மலர் வேலையில் தொடங்கித்தான் பிரமாண்ட அரங்குகளுக்கு வந்தார். மேடையிலிருந்து பூவுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். வயதைச் சொல்லித் தயங்குபவர்களுக்கு: பிரிட்டனின் புகழ்பெற்ற மலர் வடிவமைப்பாளர் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை, ஆசிரியப் பணியை விட்டு லண்டனில் மலர்க்கடை திறந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார்.

எந்த வாசலானாலும் முதல் இரண்டு பருவங்கள் பிறரிடம் சம்பளத்துக்கு இருங்கள். சேரும் அன்றே, செய்த வேலையின் படங்களை உங்கள் பெயரில் காட்டலாமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தின் உரிமை புகைப்படக் கலைஞருடையதாகவோ படம் எடுக்கச் சொன்னவருடையதாகவோ இருக்கும், வடிவத்தின் பெயர் முதலாளியுடையது. கேட்காமல் விட்டால் இரண்டு வருட உழைப்புக்குச் சாட்சியே இருக்காது.

அழைப்பிதழ் வடிவமைப்பைப் பற்றி ஒரு வரி. அதில் வேலை மாதக்கணக்கில் முன்னதாகவே முடிந்துவிடும். எழுத்துப்பிழை ஒன்றுதான் பயம். திருமண நாளன்று நாங்கள் ஏணிமேல் நிற்கும்போது, அழைப்பிதழ் செய்தவர் தலைவாரி நல்ல உடை உடுத்தி, விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருப்பார்.