பாய்மரப் படகில் மூன்று குளிர்காலம்: அல்கார்வ் கடற்கரை அனுபவம்

போர்ச்சுகலின் தென்கரையான அல்கார்வில், 32 அடி பாய்மரப் படகு ஒன்றில் நானும் மனைவியும் மூன்று குளிர்காலம் கழித்துவிட்டோம். நவம்பர் முதல் மார்ச் வரை அதுதான் வீடு. யாரிடம் சொன்னாலும் "தண்ணி மேல குளிராதா?" என்றுதான் கேட்கிறார்கள். பகலில் 16, 17 டிகிரி இருக்கும், இரவில் 8, 9. பனி பெய்வதில்லை. ஸ்வெட்டரும் காலுறையும் போதும். எங்களைப் பாடாய்ப் படுத்தியது குளிர் இல்லை, ஈரம்.

முதல் டிசம்பரில் படுக்கை விரிப்பை மாற்றுவதற்காக முன் கேபின் மெத்தையைத் தூக்கினேன். அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தது. கீழே பலகையில் மிளகு தூவியதுபோலக் கரும்புள்ளிகள். மழை ஒழுகியிருக்கும் என்று மேல்தளத்தில் ஒவ்வொரு போல்ட்டையும் தடவித் தடவிப் பார்த்தேன். எங்குமே ஒழுகலில்லை. அலமாரியைத் திறந்தால் தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சை. அத்தனை தண்ணீரும் எங்கள் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் வந்தது என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று.

இரண்டு பேர் தூங்கினாலே ஓர் இரவில் அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் காற்றில் கலந்துவிடும். வீட்டில் அது போகுமிடம் தெரியாமல் போய்விடும். படகில் ஒற்றை ஃபைபர் சுவர்தான், வெளியே குளிர்ந்த காற்று. சுவரில் பட்டதும் நீராவி முத்து முத்தாகிறது. அப்புறம் அடுப்பு. ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோ நீர் உண்டாகும். எங்கள் நீலச் சிலிண்டரில் 2.75 கிலோ வாயு இருக்கிறது. அது தீரும்போது நாலு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கேபினுக்குள்ளேயே ஊற்றியிருப்போம். சோறு கொதிக்கும் ஆவி தனிக் கணக்கு.

ஆகவே முதல் மாற்றம் சமையலில். எல்லாமே குக்கரில்தான், மூடி போடாமல் எதையும் கொதிக்கவிடுவதில்லை. மெரினாவில், அதாவது படகுகள் கட்டும் துறையில், கரையிலிருந்து மின்சாரம் கிடைக்கும்போது மின்அடுப்பு. மெத்தைக்கு அடியில் தென்னைநார் விரிப்பு போட்டோம். அது தரும் ஒரு விரல் இடைவெளியில் காற்று ஓடுகிறது, மூன்றாவது குளிர்காலத்தில் மெத்தை ஒருநாளும் நனையவில்லை. முன் கேபின் சுவரில் நுரைத் தகடு ஒட்டினோம். செய்ததிலேயே அதிகப் பலன் தந்தவை இந்த இரண்டும்தான். இரண்டுக்கும் செலவு குறைவு.

ஈரம் உறிஞ்சும் கருவியில் முதலில் தவறான வகையை வாங்கிவிட்டோம். ஃப்ரிட்ஜ் போல இயங்கும் கம்ப்ரசர் வகை 15 டிகிரிக்குக் கீழே சோம்பிப்போகிறது. எங்கள் கேபின் காலையில் 11, 12 டிகிரிதான். பிறகு வாங்கிய டெசிகன்ட் வகை, அதாவது உறிஞ்சும் பொருளால் ஈரத்தை இழுப்பது, குளிரிலும் ஒழுங்காக வேலை செய்கிறது, கூடவே கேபினையும் சூடாக்குகிறது. ஆனால் மின்சாரத்தை நிறையக் குடிக்கும். கரை மின்சாரம் இல்லாத இடத்தில் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

நங்கூரத்தில் நிற்கும்போது டீசல் ஹீட்டர்தான் துணை. 2 கிலோவாட், மாலையில் மூன்று மணி நேரம், காலையில் ஒன்று. மாதம் 25 லிட்டர் டீசல் போகிறது. அதன் புகை தனிக்குழாய் வழியாக வெளியே போய்விடுவதால் வரும் சூடு உலர்ந்த சூடு. இருந்தாலும் மணமே இல்லாத நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு அலாரம் இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்காதீர்கள். எங்களிடம் இரண்டு இருக்கின்றன. எவ்வளவு குளிர்ந்தாலும் மேல் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தேதான் வைக்கிறோம்.

ஜன்னல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அதன் ரப்பர் விளிம்பு நைந்துபோய், ஓல்யாவ் ஊரில் படகுச் சாமான் கடைக்குப் போனேன். எனக்குப் போர்ச்சுகீசியம் அப்போது சுத்தமாக வராது. பழைய ரப்பர் துண்டைக் காட்டிக் கையால் சதுரம் வரைந்தேன். "ஜனேலா?" என்றார் கடைக்காரர். ஒரு நிமிடம் ஊரில் நிற்பது போலிருந்தது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாமே அவர்கள் மொழியிலிருந்து நம்மிடம் வந்தவை என்று படித்திருக்கிறேன். தேவைப்பட்ட இடத்தில் காதால் கேட்டது வேறு அனுபவம். அன்றிலிருந்து தினம் பத்துச் சொல் கற்றேன்.

மின்சாரம் அடுத்த பாடு. டிசம்பரில் இங்கே பகல் ஒன்பதரை மணி நேரம்தான், உச்சிச் சூரியனே 30 டிகிரி உயரத்தைத் தாண்டாது. கோடையில் தாராளமாகப் போதும் 200 வாட் சோலார், தட்டையாகக் கிடந்தால் குளிர்காலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தருவதில்லை. மேகம் கவிந்த தென்மேற்குக் காற்று நாட்களில் எதுவுமே வராது. ஹீட்டர் பற்றவைக்கும்போது மட்டும் பத்து ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி இறங்கிவிட்டால் அன்றைக்கு ஹீட்டரும் இல்லை.

அந்தத் தென்மேற்குக் காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். குலாட்ரா தீவுக்கு வடக்கே, ரியா ஃபோர்மோசா காயலுக்குள் நங்கூரமிட்டால் அலை வராது. ஆனால் மணல்திட்டுகள் காற்றைத் தடுக்காது. ஓதத்தில் கடல்மட்டம் ஏறி இறங்குவது பெரிய நாட்களில் மூன்று மீட்டரையும் தாண்டும். நீரோட்டம் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம் இழுக்க, படகு சங்கிலியின் மேலேயே சுற்றி வரும். போன ஜனவரியில் 45 மீட்டர் சங்கிலி விட்டும் இரவு முழுக்க மாறி மாறி விழித்திருந்தோம். நங்கூரம் நகரவில்லை. விடிந்ததும் மனைவி போட்ட இஞ்சி டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அதனால் ஜனவரி பாதியில் குவாடியானா ஆற்றுக்குள் போய்விடுகிறோம். ஏற்ற ஓதத்தோடு சேர்ந்து எஞ்சினில் போனால் ஒரே ஓட்டத்தில் அல்கூத்திம் ஊர். இந்தக் கரை போர்ச்சுகல், எதிர்க்கரையில் ஸ்பெயினின் சன்லூகர். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். ஆற்றில் அலையே கிடையாது. ஆனால் கடலைவிட ஈரம் அதிகம். காலைப் பனிமூட்டம் விலகச் சில நாள் பதினோரு மணியாகும். ஆற்றின் மேற்பகுதியில் மழை பெய்தால் நாணல் கத்தைகளும் மரக்கிளைகளும் மிதந்து வந்து சங்கிலியில் சிக்கும், கொக்கிக்கழி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இவ்வளவும் இருந்தாலும், வருகிறவர்களுக்கு நான் ஆற்றைத்தான் சொல்வேன். நிம்மதியான தூக்கம் அங்கேதான்.

வர நினைப்பவர்கள் முதலில் விசாவைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விதிப்படி 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், முழுக் குளிர்காலத்துக்கு அது போதாது. நாங்கள், ஓய்வூதியம் போன்ற நிலையான வருமானம் உள்ளவர்களுக்கான போர்ச்சுகலின் டி7 விசாவில் வந்து வதிவிட அனுமதி வாங்கினோம்.

இட்லி மாவு பற்றிப் பலர் கேட்கிறார்கள். 12 டிகிரி கேபினில் இரண்டு நாளானாலும் பொங்காது. ஆற்றுக்குள் ஏறிப்போன அன்று, நிறுத்திய எஞ்சினின் சூட்டுக்குப் பக்கத்தில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்தாள் மனைவி. மறுநாள் காலை பனிமூட்டத்தில் எதிர்க்கரையே தெரியவில்லை. மூடியைத் தூக்கிக்கொண்டு மாவு பொங்கி நின்றது. பனி விலகியபோது சரிவில் வாதுமை மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்துவைத்துவிட்டு இட்லி அவித்தோம்.