புது கலர் ரோல் என்று சொல்லி சினிமா ஃபிலிமை விற்கிறார்கள், ஜாக்கிரதை

வடசென்னைப் பக்கம் ஃபிலிம் கேமராவில் எடுப்பவர்கள் ரோல் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஜூன் தொடக்கத்தில் பெரம்பூர் ஸ்டேஷன் வாசலில் ஒருவரிடம் இரண்டு ரோல் வாங்கினேன். "புதுசா வந்த கலர் ஃபிலிம், 400 ஸ்பீடு, எந்த லேபிலயும் சி-41ல கழுவலாம்" என்றார். சி-41 என்பது சாதாரண கலர் ரோலைக் கழுவும் முறை. ரோல் 900 ரூபாய்.

முதல் ரோலை ஜூன் 14 அன்று காசிமேட்டில் எடுத்தேன். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியும் நாள். பகல் முழுக்க ஐஸ் ஏற்றுவதும் டீசல் நிரப்புவதுமாக இருந்தது. பெரியப்பாவுக்கு அதுதான் கடைசி ட்ரிப். முட்டி வலி, இனிமேல் படகு ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். வலைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தவரை "பெரியப்பா, இப்படிப் பாருங்க" என்றேன். திரும்பிச் சிரித்தார்.

கழுவக் கொடுத்த மறுநாள் லேப் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, என்ன ரோல் குடுத்த? டெவலப்பர் பூரா கரி!" இருட்டுப் பையில் ஏற்றுவதால் அவருக்கு ஃபிலிமின் பின்பக்கம் தெரியவில்லை. அதே டேங்கில் இருந்த வேறு இருவருடைய ரோலிலும் கரிப்புள்ளி. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நெகட்டிவ் விளிம்பில் 5219 என்ற எண் இருந்தது. கோடக் விஷன்3 500T, சினிமாவுக்கான ஃபிலிம். அதன் பழைய தயாரிப்பின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கும். சினிமா ஃபிலிமைக் கழுவும் இசிஎன்-2 முறையில் முதலிலேயே அதைக் கரைத்துக் கழுவிவிடுவார்கள். சி-41-இல் அந்த வேலையே கிடையாது. போதாததற்கு அது டங்ஸ்டன் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்துக்கான ஃபிலிம், ஃபில்டர் போடாமல் வெயிலில் எடுத்தால் நீலம் பாயும். பெரியப்பா முகம் நீலமாக, மேலே கரிக்கோடுகளோடு இருக்கிறது.

அந்த ஃபிலிம் மட்டமானது இல்லை. உள்ளதைச் சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். இவர் மறைத்தார். கேட்டதற்கு "சினிமா லுக் அப்படித்தான் ப்ரோ" என்று எழுதிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார். அண்ணனுக்குக் கெமிக்கல் காசை நான்தான் கொடுத்தேன்.

லோட் செய்யும் முன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண கலர் ரோலின் பின்பக்கம் பளபளக்கும். இது பளபளப்பே இல்லாத அட்டைக்கரி. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் பஞ்சு கறுத்துப்போகும். என் இரண்டாவது ரோலில் அப்படித்தான் கறுத்தது. அதை லோட் செய்யாமல் வைத்திருக்கிறேன், நேரில் பார்க்க வேண்டுமென்றால் காட்டுகிறேன்.