ரிட்டர்ன் ஏற்பதா, மறுப்பதா, இலவசமாக்குவதா? மூன்றையும் கடைப்பிடித்துப் பார்த்த ஒரு விற்பனையாளரின் ஒப்பீடு

பயன்படுத்திய கேமரா லென்ஸ்களை இணையச் சந்தையில் விற்கத் தொடங்கியபோது, ‘ரிட்டர்ன் ஏற்கப்படாது’ என்ற கொள்கையைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஓராண்டுக்குப் பிறகு ‘30 நாட்களுக்குள் வாங்குபவர் செலவில் ரிட்டர்ன்’ என்பதற்கு மாறினேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக ‘30 நாட்களுக்குள் இலவச ரிட்டர்ன்’ என்பதையே கடைப்பிடிக்கிறேன். மூன்றையும் கைக்காசு போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிறிய, எடை குறைந்த, மறுபடியும் விற்கக்கூடிய பொருளுக்கு மூன்றாவது கொள்கையே சிறந்தது. தாராள மனம் இதற்குக் காரணமல்ல. விற்பனையாளரை உண்மையில் வீழ்த்துவது ரிட்டர்ன் அல்ல, தகராறு என்பதே காரணம்.

எல்லோரும் அறிந்த சில செய்திகளை விரைவாகக் கடந்துவிடலாம். ரிட்டர்ன் வசதி இருந்தால் வாங்குபவர் தயங்குவது குறையும். ஈபே என்ற இணையச் சந்தையின் அமெரிக்கத் தளத்தில், சிறந்த விற்பனையாளர்களுக்குத் தரும் ‘டாப் ரேட்டட் பிளஸ்’ முத்திரை பெற 30 நாள் அல்லது அதற்கு மேற்பட்ட இலவச ரிட்டர்ன் வேண்டும். அமேசானில் சொந்தமாகப் பொருள் அனுப்பும் விற்பனையாளர், தளத்தின் கொள்கைக்கு இணையான அல்லது அதைவிடத் தாராளமான கொள்கையைத்தான் தர முடியும் என்பதால், அங்கே இந்தத் தேர்வுக்கு இடமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/83 நெறிமுறைப்படி, வணிகராக இருப்பவர் இணையத்தில் விற்றால், பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் வாங்குபவர் பின்வாங்கலாம். தனியாகச் செய்து கொடுத்த பொருள், முத்திரை பிரித்த சுகாதாரப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, அங்கே ‘ரிட்டர்ன் ஏற்கப்படாது’ என்று எழுதி வைப்பதற்குச் சட்ட வலிமை கிடையாது.

ஆகவே, தேர்வு நம் கையில் உள்ள இடங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். விதிகளுக்கு ஈபேயை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மூன்று கொள்கைகளும் அங்கே பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன.

‘ரிட்டர்ன் ஏற்கப்படாது’ என்ற வரி எதைத் தடுக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வாங்குபவரின் மனம் மாறினால் பொருளை மறுக்கும் உரிமையை அது நமக்குத் தருகிறது, அவ்வளவுதான். பொருள் வரவில்லை, உடைந்து வந்தது, லிஸ்டிங்கில் (பொருளின் விற்பனைப் பக்கத்தில்) சொன்னபடி இல்லை என்ற புகார் எழுந்தால், தளத்தின் பணத் திரும்பளிப்பு உத்தரவாதம் கொள்கையைப் பொருட்படுத்தாமல் நடைமுறைக்கு வந்துவிடும். அதற்கான காலமும் பொதுவாக 30 நாட்கள். விற்பனையாளருக்கு 3 வேலை நாட்கள் தரப்படும். அதற்குள் தீர்வு கிடைக்காவிட்டால் வாங்குபவர் தளத்தைத் தலையிடச் சொல்லலாம். புகார் ஏற்கப்பட்டால் திருப்பி அனுப்பும் செலவும் நம்முடையதே. வாசற்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருப்பதற்கு இது ஒப்பாகும், அந்தக் கொல்லைக் கதவு வழியாக வருபவர் நம்மீது ஒரு குற்றச்சாட்டையும் சுமந்துகொண்டு வருகிறார் என்பதுதான் வேறுபாடு.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு 50 மி.மீ. லென்ஸ். பெற்றுக்கொண்ட மறுநாளே வாங்கியவர் மிகுந்த மரியாதையுடன் எழுதினார்: மவுண்டை (லென்ஸ் கேமராவில் பொருந்தும் இணைப்பு வகையை) கவனிக்காமல் வாங்கிவிட்டதாகவும், தம் கேமராவுக்கு அது பொருந்தாது என்றும், திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருந்தார். கொள்கையைச் சுட்டிக்காட்டி மறுத்தேன். இரண்டு நாட்களில் அதே நபரிடமிருந்து ‘ஆட்டோஃபோக்கஸ் வேலை செய்யவில்லை’ என்ற காரணத்துடன் முறையான புகார் வந்தது. தளம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. லென்ஸ் திரும்பி வந்தபோது, பின்மூடிக்குக் குறுக்கே நான் ஒட்டியிருந்த மெல்லிய டேப் ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே இருந்தது. மூடியையே கழற்றாதவர் ஆட்டோஃபோக்கஸைச் சோதித்திருக்க வழியில்லை. ஆனால், அந்த டேப்பை என் மேசையில் நான் எடுத்த படம் அவர் வீட்டில் நடந்ததற்குச் சான்றாகாது என்பதும் உண்மை. முழுப் பணமும், இருவழி அனுப்பும் செலவும், விற்பனையாளர் கணக்கில் ஒரு கரும்புள்ளியும் சேர்ந்துகொண்டன. அவர் முதலில் உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மைக்கு நான் இடம் கொடுக்காததால்தான் பொய்யை நாடினார் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

என் பார்வையில் இந்த ஒப்பீட்டின் முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான்: வாங்குபவர் ரிட்டர்ன் படிவத்தைத் திறக்கும்போது எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்க நம் கொள்கை அவரைத் தூண்டுகிறது? ‘மனம் மாறிவிட்டது’, ‘தவறாக வாங்கிவிட்டேன்’ என்ற காரணங்களால் நமக்கு நேரும் இழப்பு ஒரு முறை அனுப்பும் செலவு. ‘சொன்னபடி இல்லை’ என்ற காரணமோ கணக்கில் பதிவாகித் தங்கிவிடுகிறது. ஈபேயில் ஒரு பொருள் வகையில் இத்தகைய ரிட்டர்ன்களின் விகிதம் மற்ற விற்பனையாளர்களைவிட மிக உயர்ந்திருந்தால், அந்த வகையில் விற்பனைக் கட்டணமே கூடுகிறது. நாம் தீர்க்காமல் தளம் தலையிட்டு நமக்கு எதிராக முடிக்கும் புகார்களுக்கு 0.3 விழுக்காடு என்ற எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் தரநிலையே சரியும். அமேசானில் ஏ-டு-இசட் (வாங்குபவர் உத்தரவாதம்) புகார், எதிர்மறை மதிப்புரை, சார்ஜ்பேக் (கார்டு நிறுவனம் வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது) மூன்றும் சேர்ந்த குறைபாட்டு விகிதம் 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது, ஒரே லென்ஸ் ஒரே பெட்டியில் திரும்பி வந்தாலும், படிவத்தில் எந்த வரி தொடப்பட்டது என்பதைப் பொறுத்து நமக்கு நேரும் சேதம் மாறுகிறது.

இந்த அளவுகோலில், வாங்குபவர் செலவில் ரிட்டர்ன் என்ற நடுவழி நான் எதிர்பார்த்த அளவு உதவவில்லை. கேட்பதற்கு அது மிக நியாயமானது. மனம் மாறியவர் செலவை ஏற்கட்டும், பிழை நம்முடையது என்றால் நாம் ஏற்போம். ஆனால், செலவை ஏற்பவர் யார் என்பதை வாங்குபவர் சொல்லும் காரணமே முடிவு செய்வதால், உண்மை சொல்பவருக்கு அபராதமும், குறை கண்டுபிடிப்பவருக்குச் சலுகையும் கிடைக்கின்றன. நேர்மையானவர்கள் அந்த ஆண்டு முழுவதும் தங்கள் செலவிலேயே அனுப்பினார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இருப்பினும், லிஸ்டிங்கில் படத்துடன் காட்டியிருந்த தூசித் துகளையே புதிய குறையாக எழுதியவர்களும் குறைவில்லை.

இலவச ரிட்டர்னுக்கு மாறியதும் பொய் சொல்வதற்கான தேவை நீங்கியது. ரிட்டர்ன்களின் எண்ணிக்கை சற்றுக் கூடியது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ‘மவுண்ட் பொருந்தவில்லை’, ‘எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கிறது’ போன்ற நேரடியான காரணங்களுடன் வந்தன. பொருந்தாமை பற்றிய அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான், மவுண்டின் பெயரை லிஸ்டிங்கின் தலைப்பிலேயே சேர்த்தேன். அதன்பின் அந்தக் காரணமும் அரிதாகிவிட்டது. இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவே இல்லை. ‘சிறு கீறல் இருக்கிறது, பாதிப் பணம் கொடுத்தால் வைத்துக்கொள்கிறேன்’ என்று பேரம் பேசுபவரிடம், ‘செலவில்லாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள், முழுப் பணமும் தருகிறேன்’ என்று ஒரே வரியில் பதில் எழுத முடிகிறது. பொருள் பிடித்திருப்பவர் அத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். மேலும், இலவச ரிட்டர்ன் தரும் விற்பனையாளருக்குப் பொருள் சேதமடைந்தோ, பாகம் குறைந்தோ திரும்பி வந்தால், திருப்பித் தரும் தொகையில் 50 விழுக்காடு வரை பிடித்துக்கொள்ள ஈபே அனுமதிக்கிறது.

இந்தக் கொள்கையும் மோசடியைத் தடுப்பதில்லை. நல்ல லென்ஸை வைத்துக்கொண்டு பழுதான ஒன்றை அனுப்புபவருக்கு எந்தக் கொள்கையும் ஒன்றுதான். அதற்காக ஒவ்வொரு லென்ஸின் சீரியல் எண்ணையும், மூடியில் ஒட்டிய டேப்பையும், எடை காட்டும் தராசில் வைத்த பெட்டியையும் அனுப்பும் முன் படமெடுக்கிறேன். சீரியல் எண் தெரியும் படத்தை லிஸ்டிங்கிலேயே வைக்கிறேன், விற்பதற்கு முன்பே பொதுவில் இருந்த படம் என்பதால் அதைப் பின்னர் எடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. மொத்தத் தொகை 750 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால், ஈபேயிலும், பணம் செலுத்தும் சேவையான பேபாலிலும் ‘பொருள் வரவில்லை’ என்ற புகாரில் பாதுகாப்புப் பெற, ட்ராக்கிங்குடன் கையொப்பச் சான்றும் வேண்டும். ரிட்டர்ன் காலம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ணக் கூடாது. பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்கள் வரை தகராறு எழுப்பலாம், கார்டு நிறுவனங்கள் வழியாக வரும் சார்ஜ்பேக்கும் பல மாதங்கள் கழித்து வரக்கூடும். அந்தப் படங்களை ஓராண்டு அழிக்காமல் வைத்திருப்பது இதற்காகவே.

என் அனுபவம் லென்ஸ்களோடும் சிறு கேமராக்களோடும் நின்றுவிடுகிறது. ஆடை விற்பவர்கள் எதிர்கொள்ளும், ஒரு முறை உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு முன்னால் இந்தக் கணக்கு எவ்வளவு தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. கனமான டிரைபாட்களுக்கு, அனுப்பும் செலவு லாபத்தை விழுங்கிவிடுவதால், இன்றும் வாங்குபவர் செலவில் ரிட்டர்ன் என்றே வைத்திருக்கிறேன். உதிரிபாகங்களுக்காக மட்டும் என்று குறிப்பிட்டு, இயங்காது என்று தலைப்பிலேயே எழுதி விற்கும் பழுதான லென்ஸ்களுக்கு மட்டுமே ‘ரிட்டர்ன் ஏற்கப்படாது’ என்ற பழைய வரி இன்னும் இருக்கிறது.