கச்சான் காற்றில் ஒரு ஹீற்றர்

ரொறன்ரோவில் தை மாதம் கார் ஹீற்றர் பழுதாகிவிட்டால் அன்றைய பாடு அவ்வளவுதான். அதே ஹீற்றருக்காகத் திருகோணமலையில், ஆடி மாதத்தில் அனலாய் வீசும் கச்சான் காற்றில், விடுமுறையின் பாதியைச் செலவழித்தேன் என்று சொன்னால் அங்குள்ள நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

அப்பாவின் மொறிஸ் மைனர் 1098 சீசீ எஞ்சின் கொண்டது. நுவரெலியாவில் தோட்டத்துரை ஒருவரிடம் அப்பா அதை வாங்கியதால், 1,800 மீற்றர் உயரத்துக் குளிருக்கென்று பூட்டிய ஹீற்றரும் அதனுடனேயே கடற்கரைக்கு இறங்கி வந்துவிட்டது. இம்முறை அம்மாவைக் கோணேசர் கோயிலுக்கு ஏற்றிச் சென்றபோது, அவர் காலடியில் கிடந்த மேட், எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்றில் ஊறியிருந்தது; சுடுகாற்று கணுக்காலில் அடித்தது; எஞ்சின் புகையும் மணத்தது. புகையோடு மணமே இல்லாத கார்பன் மொனொக்சைட்டும் உள்ளே வரக்கூடும் என்பதால் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது.

நகரத்துக் கராஜ் ஒன்றில் விட்டேன். “இந்த வெயிலுக்கு ஹீற்றர் என்னத்துக்கு அண்ணன்? ஹோஸை வெட்டி அடைச்சு விடுவம்” என்றார்கள். தண்ணீர் ஒழுகுவதை அது நிறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரின் ஓட்டைகளை அது அடைக்காது என்று சொன்னேன். மூன்று நாள் “நாளைக்கு வாங்கோ” கேட்ட பிறகு திரும்பக் கிடைத்த காரில், ஹீற்றருக்குச் சுடுநீரைத் திறந்துவிடும் ராப்பைச் சுற்றிச் சிவப்புச் சிலிக்கோன் அப்பியிருந்தது. நிலாவெளி போய்த் திரும்புவதற்குள் மேட் மறுபடி நனைந்துவிட்டது. அளவுக்கு மிஞ்சிய சிலிக்கோன் உள்ளே பிதுங்கி, உடைந்து, தண்ணீர் ஓடும் வழியையே அடைத்துவிடும் என்று தெரிந்தவர்கள் செய்கிற வேலையா இது? ரொறன்ரோவில் நான் போகும் கராஜில் மணிக்கணக்கில் கூலி வாங்கினாலும், என்ன செய்யப் போகிறோம் என்பதை முதலில் எழுதித் தந்துவிடுவார்கள். இங்கே பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகுதான் மச்சான் ஒருவர் கன்னியா பக்கம் ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் கூட்டிப் போனார். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு உள்ளே குனிந்தார். நேராக எழுந்த புகை, ஹோஸ்கள் சுவரைக் கடக்கும் இடத்தில் சட்டென்று வளைந்து பின்னுக்கு ஓடியது. “இதாலதான் தம்பி காத்து வருது” என்று, பிஸ்கட் போல நொறுங்கிப் போயிருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் கிள்ளி என் கையில் வைத்தார். ஹீற்றர் பெட்டியைச் சுற்றியிருந்த ஸ்பொஞ்சும் கரித்தூளாகத்தான் வந்தது.

எஞ்சின் தலையில் ராப் உட்காரும் இடத்துக்கு, ஒழுகாமல் இடையில் வைக்கும் கஸ்கற்றை அவர் வெட்டியதை நான் மறக்க மாட்டேன். பழைய சிலிக்கோனை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி எடுத்தார். கழற்றிய ராப்பின் முகத்தில் கஸ்கற் பேப்பரை வைத்து, ஆணித் துளையின் மேல் ஒரு பெயாரிங் குண்டை நிறுத்தி, சின்னச் சுத்தியலால் ஒரே தட்டு. வட்டத் துண்டு பொட்டாகக் கழன்று விழுந்தது. பிறகு ஓரம் முழுவதும் டொக் டொக்கென்று மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். உலோக விளிம்பே கத்தியாகிப் பேப்பரை அறுத்தது. கத்தரிக்கோல் பக்கத்தில்தான் கிடந்தது, அதை அவர் எடுக்கவேயில்லை. அப்பாவும் எங்கள் முற்றத்தில் இப்படித்தான் தட்டுவார். குண்டு உருண்டு போகாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

புதிய ரப்பர் வளையங்களைப் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் வாங்கிவரச் சொன்னார். எண்ணெயும் சூடும் படுகிற இடத்துக்குச் சாதாரண ரியூப் ரப்பர் ஊதிப்போகும் என்று இரண்டு முறை எச்சரித்தே அனுப்பினார். பெட்டியைச் சுற்றித் தண்ணீர் ஊறாத ஸ்பொஞ்சுப் பட்டை ஒட்டினார். மாலையில் இன்னொரு ஊதுபத்தி கொளுத்தினார்; இம்முறை புகை வளையவில்லை. கூலி நாலாயிரம் ரூபாய். கழற்றிய பழைய சீல்களைப் பேப்பரில் சுற்றி, “அளவுக்கு வச்சிருங்கோ” என்று தந்தார்.

மறுநாள் அம்மாவோடு மறுபடி கோணேசர் கோயிலுக்குப் போனேன். உட்துறைமுக வீதியில் திரும்பும்போது பார்த்தேன்: அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மேட்டில் வைத்திருந்தார்.