நம்புபவரும் நம்பாதவரும் நேர்நேரே: ஓர் இணைய உரையாடல் சேவை பற்றிய மதிப்புரை

இறை நம்பிக்கை உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் இணையவழியில் நேர்நேரே அமர்த்தி, நெறியாளர் ஒருவரின் முன்னிலையில் பேச வைக்கும் உரையாடல் சேவை ஒன்றில் அண்மையில் ஒரு முழுச் சுற்றும் கலந்துகொண்டேன். நம்பிக்கையாளன் என்ற முறையிலேயே பதிவு செய்தேன். யாரையும் நம்ப வைப்பதோ, யாருடைய நம்பிக்கையையும் கைவிடச் செய்வதோ தங்கள் நோக்கமன்று என்று பதிவுப் படிவத்திலேயே அறிவித்திருந்தார்கள். ஆழ்ந்த நம்பிக்கை உடைய ஒருவர் இங்கே வந்து, நம்பாதவர்களின் கேள்விகளைச் சந்தித்துவிட்டு, அந்த நம்பிக்கையோடு திரும்ப முடியுமா என்பதையே சேர விரும்புகிறவர்கள் முதலில் கேட்பார்கள். முடியும் என்பதே என் மதிப்பீடு. ஆனால் நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது; சேவையை நடத்துகிறவர்கள் இந்த வேறுபாட்டுக்குப் போதிய கவனம் தரவில்லை.

அமைப்பு எளிமையானது. ஒரு சுற்று சில வாரங்கள் நீடிக்கிறது. சில அமர்வுகளில் இருவர் மட்டும் நெறியாளரோடு பேசுகிறார்கள். சிலவற்றில் எட்டுப் பத்துப் பேர் கூடுகிறார்கள். முன்கூட்டியே படித்து வர நாலைந்து பக்கக் குறிப்பு ஒன்று அனுப்பப்படுகிறது. எல்லா அமர்வுகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: எதிரில் இருப்பவரின் நிலைப்பாட்டை நம் வாயால் எடுத்துச் சொல்லி, அவர் "ஆம், நான் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே அவரிடம் கேள்வி கேட்கலாம், மறுப்பும் சொல்லலாம்.

இது நம் மரபு அறியாத விதியன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்துக்கு முன்னால், பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கத்தை வைத்திருக்கிறது. அந்தப் பரபக்கமும் கடவுளை ஏற்காத உலகாயதத்திலிருந்தே தொடங்குகிறது. அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் எதிர்வாதங்களை முதலில் வரிசைப்படுத்திவிட்டே தம் விடையைத் தொடங்கினார். கடவுள் உண்டா என்ற வினாவில் அவர் முதலாவதாக நிறுத்தும் எதிர்வாதம், உலகில் தீமை இருக்கிறதே என்பதுதான். எனினும் நூலில் இரு தரப்பையும் எழுதுவது ஒரே கை. எதிர்வாதி எழுந்து நின்று, "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று கூற அங்கே வழியில்லை. இந்தச் சேவையில் அந்த வழி திறந்திருக்கிறது என்பதே இதன் முதல் சிறப்பு.

அதன் பயனை ஒரு கூட்டமர்வில் தெளிவாகக் காண முடிந்தது. நம்பிக்கையாளர் ஒருவர், எதிரில் இருந்த பொறியியல் மாணவரின் நிலைப்பாட்டை, "மரண பயத்தால் மனிதன் கடவுளைக் கற்பித்துக்கொண்டான் என்பது உங்கள் கருத்து" என்று எடுத்துரைத்தார். மாணவர் மறுத்தார். மனிதர்கள் ஏன் நம்பத் தொடங்கினார்கள் என்பது பற்றித் தமக்குக் கருத்தே கிடையாது என்றும், கடவுள் உண்டு என்று கொள்ளப் போதிய காரணம் இதுவரை தமக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டுமே தம் நிலை என்றும் பொறுமையாக விளக்கினார். நம்பிக்கையாளர் திரும்பவும் முயன்றார். அப்போதும் அவர் சொன்னதில் மரண பயம் வந்து ஒட்டிக்கொண்டது. நெறியாளர் குறுக்கிடவில்லை. இறுதியில் மாணவரின் நிலைப்பாடு மாணவரே ஒப்புக்கொள்ளும் வடிவத்தில் வெளிவந்தபோது, முன்கூட்டித் தயாரித்து வந்திருந்த மறுப்புக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. நம்பிக்கையாளர்களாகிய நாம் எத்தனையோ முறை வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

சுற்றின் உச்சம் என்று நான் கருதுவது, ஆன்டனி ஃப்ளூ என்ற தத்துவவாதி 1950இல் ஆக்ஸ்ஃபோர்டில் எழுப்பிய வினாவை மையமாகக் கொண்ட அமர்வு. காட்டுக்கு நடுவே ஒரு வெளி. அதில் பூக்களும் இருக்கின்றன, களைகளும் இருக்கின்றன. இதைப் பராமரிக்கத் தோட்டக்காரன் ஒருவன் இருக்கிறான் என்கிறார் ஒருவர். காவல் இருந்து பார்க்கிறார்கள், யாரும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாதவன் என்கிறார். வேலி போட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள், வேலி அசையவில்லை. தொட முடியாதவன், மணமற்றவன், ஓசையற்றவன் என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். அப்படியானால் அந்தத் தோட்டக்காரனுக்கும் இல்லாத தோட்டக்காரனுக்கும் என்ன வேறுபாடு என்று மற்றவர் கேட்கிறார். எது நடந்தால், அல்லது நடந்திருந்தால், கடவுள் இல்லை என்றோ அவருக்கு அன்பு இல்லை என்றோ ஒப்புக்கொள்வீர்கள் என்பதே ஃப்ளூ நம்பிக்கையாளர்கள் முன் வைத்த கேள்வி.

அந்த அமர்வில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தம் தம்பி ஆபத்தான அறுவை சிகிச்சையில் பிழைத்தது கடவுள் அருளால்தான் என்று கூறினார். மாணவர் மரியாதையோடு கேட்டார்: "அம்மா, அவர் பிழைக்காமல் போயிருந்தால் உங்கள் நம்பிக்கை போயிருக்குமா?"

"போயிருக்காது, தம்பி. அப்போதும் கும்பிட்டிருப்பேன். அழுதுகொண்டே கும்பிட்டிருப்பேன்."

"பிழைத்தாலும் நம்புவீர்கள், பிழைக்காவிட்டாலும் நம்புவீர்கள் என்றால், அவர் பிழைத்தது எப்படிச் சான்றாகும்?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. நெறியாளரும் அந்த மௌனத்தை நிரப்ப முயலவில்லை. அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். பிறகு அந்த அம்மையார் சொன்னார்: "சான்றாகச் சொல்லவில்லை. நன்றியாகச் சொல்கிறேன். உங்களிடம் அதைச் சான்று போலச் சொல்லியிருக்கக் கூடாதுதான்."

நம்பாதவரின் கேள்வி நம்பிக்கையை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை நான் வேறெங்கும் கண்டதில்லை. நம்பிக்கை உள்ள மனத்தில் நன்றியும் சான்றும் வாதமும் பழக்கமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன; நாமாக அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய தேவையும் வழிபாட்டில் எழுவதில்லை. வெளியிலிருந்து வரும் நேர்மையான கேள்வி அவற்றைப் பிரித்துவிடுகிறது. அப்படிப் பிரிந்தபோது அந்த அம்மையாரிடம் வாதம் ஒன்று குறைந்தது. நம்பிக்கை குறைந்ததாக அவரும் உணரவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் தோன்றவில்லை.

மாணவர் அதோடு விடவில்லை, விட்டிருக்கவும் கூடாது. எதனாலும் பொய்யாக்க முடியாத நம்பிக்கை இந்த உலகத்தைப் பற்றி எதையாவது சொல்கிறதா என்று அவர் தொடர்ந்து கேட்டார். இங்கேதான் முன்குறிப்பு கைகொடுத்தது. ஃப்ளூவுக்குப் பதில் சொன்னவர்களில் ஒருவரான பேசில் மிட்செலின் உவமையை அதில் தந்திருந்தார்கள். அந்நியப் படை பிடித்துவைத்திருக்கும் நாட்டில், விடுதலைக்காகப் போராடும் ஒருவன் ஓர் இரவு முன்பின் அறியாத ஒருவரைச் சந்தித்துப் பேசுகிறான். அவர் தன் பக்கத்தவர், தன் தலைவர் என்று முழுமையாக நம்புகிறான். பின்னர் அந்த மனிதர் சில வேளைகளில் போராளிகளுக்கு உதவுகிறார். வேறு சில வேளைகளில் காவலர் உடையில் போராளிகளைப் பகைவரிடம் ஒப்படைக்கிறார். அவன் அப்போதும் "அவர் நம்மவரே" என்கிறான். ஆயினும் தன் கண்ணால் கண்டது அந்த நம்பிக்கைக்கு எதிரானது என்பதை அவன் மறுப்பதில்லை. அந்த வலியோடுதான் நம்புகிறான்.

என் கருத்தும் இதுவே. துன்பமும் அநீதியும் கடவுளின் அன்புக்கு எதிரான செய்திகள் என்பதை ஒப்புக்கொள்ளும் நம்பிக்கையால் கேள்வியின் முன் நிற்க முடியும். எதுவுமே எதிரான செய்தி அன்று என்று சாதிப்பவர் கேள்வியைத் தாங்கியவர் ஆகமாட்டார். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

சேவையின் பெரிய குறை ஒன்று, நம்பிக்கையாளருக்கு எதிரே எப்போதும் நம்பாதவரையே அமர்த்துவது. கடினமான கேள்விகள் வெளியிலிருந்தே வரும் என்ற எண்ணம் இதற்குள் மறைந்திருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஃப்ளூவின் வினா எழுந்த அதே ஆக்ஸ்ஃபோர்டில், 1948இல், கிறித்தவத்துக்காக வாதிட்டுப் புகழ்பெற்றிருந்த சி. எஸ். லூயிஸின் வாதம் ஒன்றைக் கடுமையாகச் சோதித்தவர் தத்துவவாதி எலிசபெத் அன்ஸ்கோம். அவர் உறுதியான கத்தோலிக்கர். லூயிஸ் அற்புதங்கள் பற்றிய தம் நூலின் அந்த அதிகாரத்தை 1960ஆம் ஆண்டுப் பதிப்பில் திருத்தி எழுதினார். அவருடைய சமய நம்பிக்கையோ இறுதிவரை தொடர்ந்தது. இடைக்கால இஸ்லாமியச் சிந்தனையாளர் அல் கஸ்ஸாலி புலன்களையும் பகுத்தறிவையும்கூட நம்ப முடியாமல் ஏறத்தாழ 2 மாதங்கள் தவித்ததாகத் தாமே எழுதியிருக்கிறார். அன்னை தெரசா இறந்து 10 ஆண்டுகளுக்குப் பின், 2007இல் வெளிவந்த கடிதங்கள், அவர் பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை உணர முடியாமலேயே பணி செய்தார் என்பதை உலகுக்குத் தெரிவித்தன. இவர்களைப் பற்றி முன்குறிப்புகளில் ஒரு வரிகூட இல்லை. நம்பிக்கையாளர் இருவரை எதிரெதிரே அமர்த்தும் அமர்வு ஒன்றையாவது சேர்த்தால் இந்தச் சுற்று எவ்வளவோ ஆழம் பெறும்.

நம் இலக்கியத்தையும் அவர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், காட்சி அளவை, அதாவது புலன்களால் நேரே அறிவது ஒன்றையே ஏற்பேன் என்னும், பூதங்களே எல்லாம் என்று கொள்ளும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எப்படி அறிவாய் என்று மணிமேகலை மடக்குகிறாள். கூர்மையான கேள்விதான். ஆனால் அது பூதவாதியின் அளவையில் உள்ள குறையைக் காட்டுகிறதே தவிர, மறுபிறப்பையோ வேறெதையோ நிறுவிவிடவில்லை. எதிராளியை வாயடைக்கச் செய்வதற்கும் நம் நிலைப்பாட்டுக்கு ஆதாரம் தருவதற்கும் உள்ள இடைவெளியை விளக்க இதைவிடப் பொருத்தமான பகுதி கிடைப்பது அரிது.

இனி நான் மிகவும் வருந்துகிற செய்திக்கு வருகிறேன். எங்கள் சுற்றில் இருந்த இளைஞர் ஒருவருடைய நம்பிக்கை முழுவதும், மனப்பாடம் செய்து வைத்திருந்த வாதங்களின் மேல் எழுந்தது. தீமை பற்றிய அமர்வில், மனிதனுக்குக் கடவுள் சுதந்திரம் தந்ததால் தீமை வந்தது என்று அவர் உறுதியோடு விளக்கினார். மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே விலங்குகள் நோயிலும் பசியிலும் வதைபட்டனவே, அது யாருடைய சுதந்திரத்தால் வந்தது என்று எதிரில் இருந்தவர் கேட்டார். கேட்ட தொனியில் குத்தல் ஏதும் இல்லை. இளைஞர் அதே விடையை இன்னும் உரத்த குரலில் சொன்னார், பிறகு சினந்தார், பிறகு தம் காணொளியை அணைத்துவிட்டு வெளியேறினார். அடுத்த அமர்வுக்கு அவர் வரவில்லை.

1960களின் தொடக்கத்தில் உளவியலாளர் வில்லியம் மக்குவயர் நடத்திய சோதனைகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. பல் துலக்குவது நல்லது என்பது போல, எல்லாரும் ஏற்கிற, யாரும் எதிர்த்துப் பேசிக் கேட்டறியாத கருத்துகளை அவர் எடுத்துக்கொண்டார். ஆதரவான காரணங்களை மட்டும் கேட்டு வந்தவர்கள், பின்னர் வலுவான எதிர்வாதம் வந்தபோது எளிதில் தளர்ந்தார்கள். எதிர்வாதத்தை மென்மையான வடிவில், அதற்குரிய மறுப்போடு முன்பே சந்தித்தவர்கள் உறுதியாக நின்றார்கள். தடுப்பூசி உடலில் செய்வதை இது மனத்தில் செய்கிறது என்று அவர் விளக்கினார். சமய நம்பிக்கை பல் துலக்குவதைப் போன்ற கருத்து அன்று என்பதால் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும் அந்த இளைஞரை வளர்த்தவர்கள் அவருக்கு விடைகளை மட்டுமே கொடுத்திருக்கிறார்கள், கேள்விகளைக் கொடுக்கவில்லை என்பது கண்கூடு. நம்பாதவர் அவரிடமிருந்து எதையும் பறித்துவிடவில்லை. அவரிடம் இல்லாத ஒன்றே அன்று வெளிப்பட்டது.

ஆனால் அதன் பிறகு சேவை நடந்துகொண்ட விதத்தை நியாயப்படுத்த இயலாது. அமர்வு எப்படி இருந்தது என்று 5 நட்சத்திரங்களுக்குள் மதிப்பிடும்படி கேட்கும் தானியங்கி மின்னஞ்சல் எங்கள் அனைவருக்கும் வந்தது. அவருக்கும் அதுதான் போயிருக்கும். நம்பிக்கை ஆட்டம் காணும்போது ஆடுவது கருத்து மட்டுமன்று. பெற்றோரோடு உள்ள உறவு, வழிபடும் கூட்டத்தில் உள்ள இடம், இறந்தவர்களைப் பற்றிய ஆறுதல் ஆகிய அனைத்தும் அதோடு சேர்ந்து ஆடுகின்றன. அவரைத் தனியே அழைத்துப் பேச நெறியாளருக்கு வழியேதும் வகுத்திருக்கவில்லை. அவர் நம்பிக்கையை விட்டுவிடும் முடிவுக்கு நேர்மையாக வந்தால் அதையும் நான் மதிப்பேன். அந்த முடிவுக்கு அவர் தனியாகவும் அவமானத்தோடும் வர நேர்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

தொடக்கத்திலும் முடிவிலும் நம் நம்பிக்கையை 0 முதல் 100 வரை எண்ணால் குறிக்கச் சொல்வதும் கைவிடத்தக்க வழக்கம். எண் ஏறினால் ஒரு தரப்புக்கு வெற்றி, இறங்கினால் மறு தரப்புக்கு வெற்றி என்ற மனநிலையை அது உண்டாக்கிவிடுகிறது. படிவத்தில் தந்த உறுதிமொழிக்கும் அது ஒத்துவரவில்லை. ஆசிரியை அந்தக் கட்டத்தை நிரப்பாமலே அனுப்பினார். மற்றபடி காணொளியின் தரம், நேர ஒழுங்கு, நெறியாளர்களின் நடுநிலை ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தம் சமயத்தின் கடினமான இடங்களைத் தாமே ஓரளவு எண்ணிப் பார்த்திருக்கும் நம்பிக்கையாளர்களுக்கு இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். நம்பிக்கையாளர்களை நூல்கள் வழியாக மட்டும் அறிந்திருக்கும் நம்பாதவர்களுக்கு இது இன்னும் பயன்படும். அந்த மாணவரே, ஆசிரியையின் விடையைத் தாம் படித்த எந்த நூலிலும் காணவில்லை என்று கடைசி அமர்வில் கூறினார். சமயச் சூழலிலேயே வளர்ந்து, முதன்முறையாக வெளிக்கேள்வியைச் சந்திக்கப் போகும் இளையவர்கள், தங்கள் ஐயங்களைப் பொறுமையோடு கேட்கக்கூடிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் சேரலாம். கடினமான அமர்வுகளுக்குப் பின் தனி உரையாடல் ஒன்றை ஏற்பாடு செய்யும்படி அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த சுற்றில் அதைச் சேர்ப்பதாகப் பதில் வந்துள்ளது. அது நடைமுறைக்கு வந்துவிட்டால் இந்த நிபந்தனையை நீக்கிக்கொள்வேன்.