காசு கொடுத்து வாங்கிய மாட்டுக்கும் பல் பார்க்கவில்லை

செகண்ட் ஹேண்டில் நாஸ் பெட்டி வாங்க நினைப்பவர்கள், அதிலும் இதுவரை அப்படி ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் காசு கொடுத்தே வாங்கினேன். அப்போதும் பல்லைப் பார்க்கவில்லை.

நாஸ் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ரௌட்டரில் லேன் கேபிளால் இணைத்து வைக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், உள்ளே ஹார்டு டிஸ்க். வீட்டில் உள்ள போன், லேப்டாப் எல்லாவற்றிலிருந்தும் அதில் கோப்புகளைப் போடலாம், எடுக்கலாம். எங்கள் வீட்டில் மூன்று போன், இரண்டு லேப்டாப், எல்லாவற்றிலும் வருடக்கணக்கில் சிதறிக் கிடக்கும் படங்கள். ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் போதும் என்பதுதான் ஆசை. புதுப் பெட்டியின் விலையைப் பார்த்துப் பின்வாங்கினேன். பிறகு ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: "இரண்டு 2 டி.பி. டிஸ்க், மொத்தம் 4 டி.பி., ரெய்டு பாதுகாப்பு உண்டு, அதிகம் ஓடாதது."

அந்த வரியிலேயே பொய் உட்கார்ந்திருந்தது. விவரம் தெரிந்தவர் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ரெய்டு என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றுபோல ஓட்டும் முறை, அதில் பல வகை உண்டு. இரண்டு டிஸ்க் பெட்டியில் பாதுகாப்பு வேண்டுமென்றால் ரெய்டு 1 போட வேண்டும். ஒரு டிஸ்கில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். அதற்கான விலை, பாதி இடம் போய்விடும். இரண்டு 2 டி.பி. போட்டால் கையில் நிற்பது 2 டி.பி. மட்டுமே. 4 டி.பி. காட்டுகிறது என்றால் அது ரெய்டு 0, அல்லது டிஸ்குகளை வெறுமனே அடுத்தடுத்து ஒட்டிய ஜேபாட். இரண்டிலும் பாதுகாப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு கூட்டல் கணக்குதான், நான் போடவில்லை.

நேரில் போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது, அவருடைய பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பில் ஃபோல்டர் திறந்தது, ஒரு பாட்டை ஓட்டிக் காட்டினார். "எல்லாம் செட் பண்ணியாச்சு சார். வீட்ல போய் வயரைச் சொருகுங்க, அவ்வளவுதான். பின்னாடி 8 டி.பி. டிஸ்க்கூடப் போட்டுக்கலாம்." அந்தக் கடைசி வாக்கியமும் பொய் என்று பிறகு தெரிந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பல, டிஸ்கின் செக்டர்களை, அதாவது தகவல் எழுதும் சிறு கட்டங்களை, 32 பிட் எண்ணால்தான் எண்ணும். செக்டர் ஒன்றுக்கு 512 பைட் என்று பெருக்கினால் சுமார் 2.2 டி.பி.யோடு கணக்கு முடிந்துவிடும். என் பெட்டியின் கையேட்டிலேயே 2 டி.பி.தான் உச்சம் என்று போட்டிருக்கிறது. கையேட்டை வாங்கிய பிறகுதான் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து வயரைச் சொருகினேன். என் லேப்டாப்பில் திறக்கவில்லை. இந்தப் பகிர்வு பாதுகாப்பற்றது, எஸ்.எம்.பி. 1 என்ற காலாவதியான கோப்புப் பகிர்வு முறையைக் கேட்கிறது என்று விண்டோஸ் சொன்னது. போன் போட்டேன். "அது சின்ன செட்டிங் சார், நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், ஸ்கிரீன் ஷேர் பண்ணிச் சரி பண்ணிடுவான், அவனுக்குத் தனியா ஏதாவது கொடுத்துடுங்க" என்றார். கொடுத்தேன். பையனும் அரை மணி நேரத்தில் சரி செய்தார்.

என்ன செய்தார் தெரியுமா? என் லேப்டாப்பில் எஸ்.எம்.பி. 1-ஐ மறுபடி இயக்கிவிட்டார். 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ், இந்த எஸ்.எம்.பி. 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைத் தானாகவே நிறுவாமல் நிறுத்திவிட்டது. அதை எனக்காகக் காசு வாங்கிக்கொண்டு திறந்துவிட்டிருக்கிறார்! பின்னாளில் நானே பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் துழாவியபோது, "அதிகபட்ச எஸ்.எம்.பி." என்ற இடத்தில் 1 என்று இருந்தது, அதைச் சொடுக்கினால் 2 என்பதும் இருந்தது. மாற்றினேன், லேப்டாப்பில் 1-ஐ அணைத்தேன், ஃபோல்டர் திறந்தது. பெட்டியில் ஒரு கிளிக்கில் முடிகிற வேலை.

அதோடு நிற்கவில்லை. வெளியில் இருந்தும் போனில் படம் பார்க்கலாம் என்று சொல்லி ரௌட்டரில் போர்ட், அதாவது இணையத்திலிருந்து பெட்டிக்கு வர ஒரு வாசல், திறந்துவிட்டார். எனக்கு அப்போது அது வசதியாகத்தான் தெரிந்தது. பழைய பெட்டியை இணையத்தின் முன் நிறுத்துவது எப்படிப்பட்ட காரியம் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டிக்கு 2015-க்குப் பிறகு, உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட்டே வரவில்லை. மக்கள் பாவம், அது பாட்டுக்கு ஓடுகிறதே என்று விட்டுவைத்திருந்தார்கள். 2021 ஜூனில் ஒரு நாள், உலகெங்கும் பலருடைய பெட்டி வெளியிலிருந்து வந்த கட்டளையால் தன்னைத்தானே ஃபேக்டரி ரீசெட் செய்துகொண்டது. எழுந்து பார்த்தவர்களுக்குக் காலிப் பெட்டிதான் மிஞ்சியது. என் பெட்டிக்கும் தயாரிப்பாளரின் கடைசி அப்டேட் வந்து பல வருடம் ஆகிறது. லாக் பக்கத்தைத் திறந்தால் அட்மின், ரூட், டெஸ்ட் என்று ஏதேதோ பெயர்களில் முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து கதவைத் தட்டிய வரிகள் பக்கம் பக்கமாக ஓடின.

யூசர் பட்டியலைப் பார்த்தது அதற்கப்புறம். என் பெயரோடு இன்னொரு பெயர் இருந்தது. அட்மின் குழுவில், எல்லா ஃபோல்டருக்கும் உரிமையோடு. விற்றவருடைய பெயர். நான் இரவும் பகலும் குடும்பப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்த பெட்டிக்கு அவரிடமும் ஒரு சாவி இருந்திருக்கிறது, ரௌட்டர் கதவும் திறந்து கிடந்திருக்கிறது. கேட்டதற்கு "அழிக்க மறந்துட்டேன் சார்" என்றார். இருக்கலாம். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இரவும் பகலும் என்றது அலங்காரத்துக்கு அல்ல. காப்பி வேகம் நொடிக்கு 11 எம்.பி.யைத் தாண்டவே இல்லை. அந்தக் கணக்கில் 1 டி.பி. ஏற 25 மணி நேரம். பெட்டி பழசு, அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் அவர் கூடவே கொடுத்த "ஒரிஜினல்" லேன் கேபிளின் பிளக்கில் நான்கு கம்பிதான் இருந்தது. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நான்கு இருந்தால் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு, அதாவது சுமார் 12 எம்.பி.க்கு, இறங்கிவிடும். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாலே தெரிந்திருக்கும்.

பத்தொன்பதாம் நாள் காலையில் பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம். மதியம் சிவப்பு விளக்கு. மாலையில் ஃபோல்டர் எதுவும் இல்லை.

ஒரு டிஸ்க் போனால் என்ன, ரெய்டு இருக்கிறதே என்ற நம்பிக்கையோடுதான் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். வால்யூம் வகை: ரெய்டு 0. வால்யூம் நிலை: செயலிழந்தது. ரெய்டு 0 ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக வெட்டி இரண்டு டிஸ்கிலும் மாற்றி மாற்றி வைக்கும். என் பெட்டியில் துண்டு ஒன்று 64 கே.பி. ஆக, 4 எம்.பி. படம் ஒன்று 64 துண்டாகிறது; அதில் பாதி செத்த டிஸ்கில். நன்றாக இருக்கும் டிஸ்கில் மீதி 32 துண்டு இருந்து என்ன பயன்? சீட்டுக்கட்டைக் கலைத்து இரண்டு பேருக்குப் பங்கிட்ட பிறகு ஒருவர் ஊரைவிட்டே போன மாதிரி.

போனில் இருந்த படங்களை நான் அழிக்கவில்லை, அவை தப்பின. பழைய லேப்டாப்பைத்தான், எல்லாம் ஏறிவிட்டது என்ற தைரியத்தில் ஃபார்மட் செய்து அண்ணன் மகளுக்குக் கொடுத்திருந்தேன். அதிலிருந்த நான்கு வருடப் படங்கள் போயே போய்விட்டன. ரெக்கவரி ஆட்களிடம் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகை, பெட்டியைப் போல ஐந்து மடங்கு. அப்போதும் உறுதி தர மாட்டோம் என்றார்கள். நேர்மையான பதில், அதற்காக நன்றி.

செத்த டிஸ்கின் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்ணிட்டுக் குறித்துவைக்கும் பட்டியல், அதற்கு முன்பே பெட்டியின் திரையில் இருந்தது, நான்தான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. முகப்பில் "நார்மல்" என்று பச்சையில் எழுதியிருக்கும். அந்தப் பச்சையை நம்பவே நம்பாதீர்கள். ஏதாவது ஒரு எண் தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டும்வரை அது பச்சையாகவேதான் இருக்கும். உள்ளே போனால் ஓடிய மணி நேரம் 41,000-க்கு மேல். வருடத்துக்கு 8,760 மணி நேரம் என்று வகுத்துப் பாருங்கள், நான்கரை வருடத்துக்கும் அதிகமாக ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் சுழன்ற டிஸ்க். "அதிகம் ஓடாதது"! 197-ஆம் எண்ணில், அதாவது படிக்க முடியாமல் திணறிக் காத்திருக்கும் செக்டர்களின் கணக்கில், 56 என்றிருந்தது. அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும். ஏராளமான டிஸ்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம், சாகப்போகும் டிஸ்கைக் கண்டுபிடிக்க 5, 187, 188, 197, 198 ஆகிய ஐந்து எண்களைத்தான் கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறது. எல்லா டிஸ்கும் ஐந்தையும் காட்டாது, காட்டுவதைப் பாருங்கள்.

மணி நேரக் கணக்கையும் அழித்துவிட முடியும் என்பது இன்னொரு தலைவலி. 2025 தொடக்கத்தில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகளின் ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதிது என்று இடைத்தரகர்கள் விற்றது வெளியே வந்தது. அந்த டிஸ்குகளுக்குள் ஃபார்ம் என்று தனியாக இன்னொரு பதிவேடு இருந்ததால்தான் குட்டு உடைந்தது. ஆகவே லேபிளில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். ஏழு வருடம் முன்பு செய்த டிஸ்க் முந்நூறு மணி நேரம்தான் ஓடியது என்றால் ஏன் என்று கேட்கலாம்.

விற்றவரிடம் போனேன். "எடுத்துட்டுப் போகும்போது ஓடிச்சா இல்லையா சார்?" ஓடியது. "அப்புறம் என்ன?" ரெய்டு பாதுகாப்பு என்று போட்டீர்களே என்றேன். அவர் சொன்ன பதிலை எழுதி மாட்டி வைக்கலாம்: "ரெய்டு ஜீரோவும் ரெய்டுதானே சார்." அடுத்த நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. பழைய பெட்டி என்பதாலேயே மோசம் என்று சொல்லவும் மாட்டேன். இரண்டு புதிய 2 டி.பி. டிஸ்க் போட்டு, பெட்டியை முழுதாக ரீசெட் செய்து, ரெய்டு 1 அமைத்தேன். ரீசெட் பொத்தான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: சில பெட்டிகளில் சற்று நேரம் அழுத்தினால் பாஸ்வேர்டு மட்டும்தான் மாறும், பழைய யூசர்கள் அப்படியே இருப்பார்கள், பட்டியலைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் உண்டு. பிறகு ஒரு சோதனை. தேவையில்லாத சில கோப்புகளை ஏற்றிவிட்டு, பெட்டியை அணைத்து, ஒரு டிஸ்கை உருவிவிட்டு மறுபடி இயக்கினேன். பீப் பீப் என்று கத்தியது, ஆனால் கோப்புகள் எல்லாம் திறந்தன. அதைப் பார்த்த பிறகுதான் குடும்பப் படங்களை ஏற்றினேன். ரௌட்டரில் போர்ட்களை மூடியாயிற்று, பெட்டி இணையத்துக்கே போகாதபடி தடுத்தாயிற்று. ரெய்டு 1 இருந்தாலும் இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும் என்பதால், மாதம் ஒருமுறை யூ.எஸ்.பி. டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துத் தங்கை வீட்டில் வைக்கிறேன்.

போன வாரம் அதே வாசகத்தோடு மறுபடி ஒரு விளம்பரம். வேறு பெட்டி, வேறு படம், "4 டி.பி., ரெய்டு பாதுகாப்பு உண்டு." மனைவியின் போனிலிருந்து ஒரே ஒரு கேள்வி அனுப்பச் சொன்னேன்: எந்த ரெய்டு?

உடனே பதில் வந்தது. "நல்ல ரெய்டுதான் மேடம், பயப்படாம வாங்குங்க."